நல்லெண்ணெய் குடித்த நீதிபதி

இரண்டாயிரமாவது வருஷம் வந்தால் சோற்றுக்குப் பதிலாக மாத்திரை என்று நமக்குச் சொன்னார்களே, ஞாபகம் இருக்கிறதா? என் வயசுக்காரர்களே, அது பாதி பலித்துவிட்டது. காலையில் மூன்று, ராத்திரி இரண்டு என்று விழுங்குகிறேன். சோறுதான் இன்னும் நின்றபாடில்லை. மற்றபடி பறக்கும் கார் வரவில்லை. சந்திரனில் சம்பந்தி வீடு அமையவில்லை. முழங்காலுக்குத் தைலம் தேய்க்க ஒரு இரும்பு மனிதன் வருவான் என்று நம்பியிருந்தேன். அந்த வேலையையும் நானேதான் குனிந்து, முனகி, செய்துகொள்கிறேன்.

இந்த நம்பிக்கையெல்லாம் எனக்குத் தாய்மாமனிடமிருந்து ஒட்டியது. மாமா மதராஸில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. சட்டைப் பையில் இரண்டு பேனா, தலையில் வாசனை எண்ணெய், கக்கத்தில் சுருட்டிய வாரப் பத்திரிகை. உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வயல் வரப்பில் பாதி தூரம் வரும்போதே எங்கள் வீட்டுக்கு அந்த எண்ணெய் வாசனை வந்துவிடும். எனக்கு அப்போது பத்து வயசு. ஏதோ ஒரு தேசத்தார் வானத்தில் ஒரு உலோகப் பந்தை எறிந்து, அது கீழே விழாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று ஊரெல்லாம் பேசிக்கொண்ட சமயம். விழாத பந்தே இருக்கும்போது வேறு எது நடக்காது?

மாமா கொண்டுவரும் பத்திரிகையில் ஒரு விஞ்ஞானத் தொடர்கதை வந்தது. செவ்வாய்க் கிரகத்தில் மனிதர்கள் குடியேறி, அங்கேயும் வரப்புத் தகராறு வந்து, வழக்கைத் தீர்க்க ஒரு பித்தளைத் தலை இயந்திரத்தை வைத்திருப்பார்கள். வாதி ஒரு கையையும் பிரதிவாதி ஒரு கையையும் அதன் உள்ளங்கையில் வைத்தால் போதும். நியாயம் யார் பக்கமோ அவர் பக்கத்து விளக்கு எரியும். படத்தில் நீல மை கோட்டைத் தாண்டி வழிந்து, அந்த நீதிபதிக்கு நீலத்தில் தாடி முளைத்ததுபோல இருக்கும். மாமா உரக்கப் படித்துவிட்டு, பத்திரிகையால் என் தலையில் ஒரு தட்டு தட்டுவார்.

“கேட்டியா மாப்ள? அதுக்கு அண்ணன் கெடையாது, தம்பி கெடையாது, சாதி கெடையாது. அது எப்டிடா ஓரவஞ்சன பண்ணும்?”

இதை அவர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் யாருக்கும் எலும்பு ஒடிந்திருக்காது.

எங்கள் ஊரில் நியாயம் அதுவரை எப்படி நடந்தது என்று சொல்கிறேன். பங்குனி வந்தால் ஏரியில் தண்ணீர் இறங்கிவிடும். நவரை நெற்பயிர் வாடித் தலை தொங்கும். அப்போது தண்ணீரை முறை போட்டுத்தான் விடுவார்கள். ஏரி மதகைத் திறப்பதும், முறைப்படி ஒரு கழனியிலிருந்து அடுத்த கழனிக்குக் கால்வாயை வெட்டி மாற்றுவதும் நீர்க்கட்டியின் வேலை. தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பம். ஊருக்குக் கிழக்கே, நாங்கள் காலெடுத்து வைக்காத தெருவில் இருந்தது அவர் குடிசை. ‘அவர்’ என்று இப்போது எழுதுகிறேன். பத்து வயசு நான் அவரை ‘வாடா, போடா’ என்றுதான் கூப்பிட்டேன். அவர் என் அப்பாவைவிட மூத்தவர்.

மதகடியில் ஒரு கருங்கல் பலகை உண்டு. அதன் ஓரத்தில் ஒரு குச்சியை நட்டு, பலகையில் கோடுகள் கீறி வைத்திருந்தார். குச்சியின் நிழல் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்கு வந்தால் ஒரு முறை முடிந்தது. நல்ல ஏற்பாடுதான். மேகம் போட்டால்தான் பேஜார்.

முந்தின வருஷம் அப்படி ஒரு நாள் மேகம் போட்டது. என் அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கழனி. அவர் முறை முடிந்துவிட்டது என்று இவர் சொல்ல, முடியவில்லை என்று அவர் சொல்ல, இரண்டு பேரும் கால்வாய்க்குள் கட்டிப் புரண்டார்கள். எழுந்தபோது பெரியப்பாவுக்கு இடது காதில் பாதி இல்லை. என் அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. பெரியப்பா எந்த வெயிலிலும் தலையில் சுற்றிய துண்டை அவிழ்க்க மாட்டார்.

இந்த இடத்தில்தான் என் மாமா விஞ்ஞானத்தை உள்ளே விட்டார்.

அந்தப் பங்குனியில் அவர் கொண்டுவந்தது ஒரு டைம்பீஸ். பச்சை வர்ணம், தலையில் இரண்டு கிண்ண மணி, நடுவில் அவற்றை அடிக்க ஒரு குட்டிச் சுத்தி. ஊர்ப் பெரியவர்களையெல்லாம் மதகடிக்கு அழைத்து, கோயில் பிரசாதம்போல உள்ளங்கையில் ஏந்திக் காட்டினார்.

“முறை ஆரம்பிக்கறப்ப முள்ளப் பன்னண்டுல வெக்கணும். ரெண்டு மணி நேரம் ஆனா தானா அடிக்கும். அடிச்சா தண்ணிய மாத்தணும். அவ்ளோதான்!”

பெரியப்பா துண்டுக்குள் விரலை விட்டுக் காது இருந்த இடத்தைத் தடவிக்கொண்டார். “இது யாரு பக்கம் பேசும்?”

“இதுக்குப் பக்கமே கெடையாது மாமா” என்றார் மாமா. பெரியப்பா அவருக்கும் மாமா முறை.

“பல்லு கீதா?”

“இல்ல மாமா.”

“அப்ப வெச்சிக்கலாம்.”

நீர்க்கட்டி சற்று தள்ளி, கால்வாய்க்குள் நின்றுகொண்டிருந்தார். “மேகம் போட்டாலும் அடிக்குமா நைனா?” என்று கேட்டார். அடிக்கும் என்றார் மாமா. “நல்லதாப் போச்சி” என்று அவர் சேற்றைப் பார்த்துச் சொன்னார். “போன வருசம் இந்தச் சேத்துல பூந்து காதத் தேடினது நான்தான்.”

யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது.

பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டிருந்ததால் இழுத்துப் பூட்டியிருந்தார்கள். அதனால் டைம்பீஸுக்குச் சாவி கொடுத்து முள் வைக்கும் உத்தியோகம் எனக்குக் கிடைத்தது. முள் வைக்கத் தெரிந்தவன் ஊரிலேயே நான் ஒருவன்தான். ஒரு பிஸ்கட் டின்னுக்குள் டைம்பீஸ், மேலே அப்பாவின் குடை, குடைக்குக் கீழே நான். அம்மா அதற்குக் குங்குமம் வைத்து அனுப்பினாள். முதல் நாலு நாள் ஊரே சொர்க்கமாக இருந்தது. மணி அடித்தது, நீர்க்கட்டி மண்வெட்டியால் இரண்டு வெட்டு வெட்டித் தண்ணீரை மாற்றினார், எவனும் எவனையும் கடிக்கவில்லை. மாமா மனசு நிறைந்து மதராஸுக்குப் பஸ் ஏறினார்.

ஐந்தாம் நாள் டைம்பீஸின் சத்தம் எனக்கு வறண்டிருந்ததுபோலப் பட்டது. புழுதி புகுந்திருக்க வேண்டும். பக்கத்துப் பட்டாக்காரர் கிணற்றில் ஆயில் என்ஜின் ஓட்டுபவர் தினமும் காலையில் மூக்கு நீண்ட தகரக் குவளையால் அதற்கு எண்ணெய் விடுவார். “எண்ண குடிக்காத மிஷினு முக்கும்டா” என்பார். என் நீதிபதி முக்கலாமா? வீட்டுக்குப் போனேன். கைக்குழந்தையாக இருந்த என் தங்கைக்குப் பால் புகட்டும் பாலாடையில் நல்லெண்ணெய் எடுத்து வந்தேன். கத்தி முனையால் டைம்பீஸின் முதுகைத் திறந்தேன். உள்ளே தலைமுடியைவிட மெல்லிய ஒரு சுருள் விரிந்து சுருங்கி மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ரொம்பத் தாகமாக இருப்பது அதுதான் என்று எனக்குத் தோன்றியது. பாலாடையைச் சாய்த்தேன்.

அந்தச் சுருளில் எண்ணெய் படவே கூடாதாம். பட்டால் சுற்றுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, கடிகாரம் தலைதெறிக்க ஓடுமாம். இதைக் காஞ்சிபுரத்தில் ஒரு கடிகாரக்காரர் எனக்குச் சொன்னபோது என் தலையில் பாதி நரைத்திருந்தது.

மறுநாள் டைம்பீஸ் குதிரைபோல ஓடியது. எனக்கு ஒரே பெருமை. இயந்திரம் முன்னேறிவிட்டது என்று நினைத்தேன். தண்ணீர் பெரியப்பாவின் கழனிக்குப் போய்க்கொண்டிருந்தபோது மணி அடித்தது. நீர்க்கட்டி கல் பலகையைப் பார்த்தார்.

“சின்ன நைனா, நெயலு இன்னும் கோட்டாண்ட வர்லியே.”

“மிஷின் அடிச்சா மாத்துடா.”

“நாலு வெரல் அகலம் பாக்கி கீது நைனா.”

“சூரியன்தான் லேட்டு” என்றேன் நான்.

அவர் நிமிர்ந்து சூரியனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “எங்க அப்பன் காலத்துலேர்ந்து அது லேட்டா வந்ததில்லியே” என்று சொல்லிக்கொண்டே தண்ணீரை மாற்றிவிட்டார்.

பெரியப்பாவின் கழனி நீளம். தண்ணீர் கடைசிப் பாத்திக்குப் போய்ச் சேரவே நேரம் பிடிக்கும். அன்றைக்குச் சேரவில்லை. சாயங்காலம் அவர் மதகடிக்கு வந்து நீர்க்கட்டியின் நெஞ்சில் விரலால் குத்தினார். “நாளைக்கு என் கடசிப் பாத்தி நெனையாம மாத்தினேன்னு வெச்சிக்க, கால ஒடிச்சிடுவேன்.”

அப்பா இந்தப் பக்கம் வரப்பில் நின்றிருந்தார். அண்ணனோடு பேச்சு கிடையாதே, அதனால் அவரும் நீர்க்கட்டியிடமே சொன்னார். “மணி அடிச்சும் மாத்தலன்னா கைய ஒடிப்பேன், பாத்துக்கோ.”

அவர்கள் போனபிறகு நீர்க்கட்டி மண்வெட்டியைக் கழுவினார். “கால ஒர்த்தரு கேக்கறாரு, கைய ஒர்த்தரு கேக்கறாரு” என்றார். “அந்த மணிய ஒருக்கா அப்பாகிட்ட காட்டுங்க சின்ன நைனா. அது ரொம்ப அவசரப்படுது.”

நான் காட்டவில்லை. எண்ணெய் விட்டது தெரிந்தால் என் முதுகுத்தோல் உரியும் என்று இல்லை. அது தப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை. படிக்காதவருக்கு விஞ்ஞானம் என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு போனேன். பத்து வயசில் என்னிடம் இருந்த திமிரை இன்றைக்கு மூட்டையாகக் கட்டினால் லாரி பிடிக்க வேண்டும்.

மறுநாள் பெரியப்பாவின் முறை. அடுத்தது எங்களுடையது. எங்கள் கழனியில் தண்ணீர் ஏறாத மேட்டுப் பகுதி வெடித்துக் கிடந்தது. அப்பா விடியற்காலையிலிருந்து வரப்பில் நின்று தண்ணீர் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி அடித்தது. நீர்க்கட்டி பலகையைப் பார்த்தார். நகரவில்லை.

“மாத்துடா!” என்று நான் கத்தினேன்.

“நெயலு வரட்டும் நைனா.”

சுத்தி அடித்து அடித்து ஓய்ந்தது. தண்ணீர் பெரியப்பாவின் கழனிக்கே போய்க்கொண்டிருந்தது. அப்பா வரப்பில் ஓடிவந்தார். அவர் ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. வந்த வேகத்தில் நீர்க்கட்டியின் மண்வெட்டியைப் பிடுங்கி, இரும்பைக் கல்லில் அடித்துக் கழற்றிவிட்டுக் காம்பை மட்டும் எடுத்துக்கொண்டார்.

“எங்கண்ணன் உனுக்கு இன்னாடா குடுத்தான்?”

“ஒண்ணும் குடுக்கல நைனா. நெயலு…”

முதல் அடி தோளில். அடுத்தது முதுகில். அவர் கால்வாய்க்குள் குப்புற விழுந்தார். எழ எழ அடி விழுந்தது. ஈர முதுகில் கட்டை விழும் சத்தம் துணி துவைக்கிற சத்தம்தான், வேறு மாதிரி இல்லை. அதனால்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் கல்லில் துணி துவைப்பது எனக்குப் பிடிக்காது. கழனியில் வேலை செய்தவர்களெல்லாம் வரப்பில் வந்து நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பெரியப்பாவும் வந்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். அவர் தண்ணீர் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது, அவருக்கென்ன.

நான் பிஸ்கட் டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கத்தினேன். “அப்பா, வுட்டுடுப்பா! மணிதான் தப்பு! நான்தான் அதுக்கு எண்ண ஊத்தினேன்!”

கட்டை நின்றது. பெரியப்பா சிரித்தார். பாதிக் காதோடு ஒரு மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“ஊர் நாயத்துக்கு மச்சான் மிஷினு குடுத்தான். மிஷினுக்குப் புள்ள எண்ண குடுத்தான். பலே குடும்பம்டா!”

வரப்பில் நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள். அத்தனை நேரம் வாய் திறக்காதவர்கள். அப்பாவின் கழுத்து சிவந்து, காது சிவந்து, அந்தச் சிவப்பு நெற்றி வரைக்கும் ஏறியது. என்னை அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

“மணி தப்புன்னா எங்கிட்ட வந்து சொல்லணும்” என்றார் நீர்க்கட்டியிடம். குரல் உயரவில்லை. “தப்பா ரைட்டான்னு முடிவு பண்ண நீ யார்ரா?”

நீர்க்கட்டியின் வலது கையை இழுத்துக் கல் பலகையில் வைத்து, மணிக்கட்டில் காம்பை இறக்கினார். முருங்கைக் கிளை முறிந்ததுபோல ஒரு சின்னச் சத்தம். நீர்க்கட்டி கத்தவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, தன்னுடையதல்லாத பொருளைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார்.

அப்புறம் நடந்ததை அடுக்காகச் சொல்ல எனக்கு வராது. அப்பாவே இரும்பை எடுத்துக் கால்வாயை எங்கள் பக்கம் வெட்டப் போனார். அப்போதுதான் பெரியப்பாவுக்குக் கோபம் வந்தது. ஒருவன் கை ஒடிந்ததற்கு வராத கோபம், தண்ணீருக்கு வந்தது. பின்னாலிருந்து ஒரு உதை. அப்பா விழுந்து எழுந்து காம்பை வீச, பெரியப்பாவின் இரண்டு பல் கால்வாயில் போயிற்று. பெரியப்பா மண்வெட்டி இரும்பைத் திருப்பிப் பிடித்து இறக்க, அப்பாவின் தோள்பட்டை எலும்பு சட்டைக்குள் தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு வீட்டு ஆட்களும் இறங்கினார்கள். ஒருவன் இன்னொருவன் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கினான். எனக்கும் எங்கிருந்தோ ஒரு முழங்கை வந்து மூக்கு உடைந்தது. பெரியப்பா என் டின்னைப் பிடுங்கி, டைம்பீஸைக் கல் பலகையில் ஓங்கி அடித்தார். அது எகிறித் தண்ணீரில் விழுந்து, அடியில் போய், அங்கிருந்து மணி அடித்தது. குமிழ் குமிழாக ஒரு சத்தம். எல்லாரும் ஒரு நொடி நின்று அதைக் கேட்டார்கள். பிறகு மறுபடியும் அடித்துக்கொண்டார்கள்.

உத்திரமேரூர் கம்பவுண்டரிடம் ஒரே மாட்டு வண்டியில்தான் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் ஏற்றிப் போனார்கள். இன்னொரு வண்டி கிடைக்கவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே சீசாவிலிருந்து எரிச்சல் மருந்து போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வந்தார்கள். அந்த வண்டியில் மூன்றாவது ஆளுக்கு இடம் இருந்தது. ஆனால் ஏற்றவில்லை. நீர்க்கட்டியின் கையை அவர் மனைவி மூங்கில் சிம்பு வைத்து, முட்டை தோய்த்த துணி சுற்றிக் கட்டியதாகக் கேள்விப்பட்டோம்.

மாமா தகவல் தெரிந்து ஓடிவந்தார். அக்கா புருஷனுக்கு எலும்பு முறிந்ததில் அவருக்கு வருத்தம்தான். ஆனால் மிஷின்மேல் தப்பில்லை என்பதில் உறுதியாக இருந்தார். நான் எண்ணெய் கதையைச் சொன்னேன்.

“பரவால்ல மாப்ள. அடுத்து வர்ற மாடல்ல எண்ண ஊத்தறதுக்கு வழியே வெக்க மாட்டான். அப்ப பாரு!”

கடைசி வரைக்கும் அவருக்கு அந்த நம்பிக்கை போகவில்லை. அடிப்பதற்கு வழியே இல்லாத மனுஷ மாடலை யாராவது கொண்டுவருவார்களா என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றும் வயசு வந்தபோது அவர் இல்லை.

என் கூட்டாளிகளே, இந்தக் கதையை எத்தனையோ கல்யாண வீட்டுப் பந்தியில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். பாலாடை வரும் இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். தண்ணீருக்கு அடியில் மணி அடித்ததும் புரையேறும். அத்தனை பேர் நடுவில் அப்பாவை எதிர்த்து உண்மையைச் சொன்னேன் பாருங்கள், அதையும் அடக்கமாகச் சொல்லிவிட்டு மோருக்குக் கை நீட்டுவேன். அதற்கப்புறம் நடந்ததை எந்தப் பந்தியிலும் சொன்னதில்லை.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து முறை மறுபடியும் ஆரம்பித்தது. அந்த மதகை வேறு யாருக்கும் திறக்கத் தெரியாது. ஆள் அனுப்பி நீர்க்கட்டியைத்தான் கூப்பிட்டார்கள். அவர் கை கழுத்தில் தொங்கியது. விரல்கள் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தன. பலகையைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல, அவர் மனைவி புடவையை வரிந்து கட்டிக்கொண்டு கால்வாய்க்குள் இறங்கி மண்ணை வெட்டினாள்.

நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். மூக்கில் இன்னும் பிளாஸ்திரி. அவர் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். எனக்கு நன்றி சொல்ல அவருக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்பதுபோல நின்றேன். அவர் ஒன்றும் சொல்லாததால் நானே ஆரம்பித்தேன்.

“நான் நெஜத்தச் சொன்னேன் இல்ல?”

“சொன்னீங்க சின்ன நைனா.”

“அப்பா அடிச்சாலும் பரவால்லன்னு சொன்னேன்.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. கணக்குத் தப்பாகப் போட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோலக்கூட இல்லை. வெறுமனே பார்த்தார்.

“நீங்க சொல்ற வரிக்கும் முதுவுலதான் வுழுந்துக்கினு இருந்துச்சி. இன்னும் ரெண்டு வெச்சிட்டு போயிருப்பாரு. நீங்க சொன்னப்பறந்தான் நைனா, கை.”

மூக்குப் பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டு அங்கேயே நின்றேன். கால்வாய்க்குள்ளிருந்து அவர் மனைவி நிமிர்ந்தாள். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, எங்கள் கழனிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, என்னிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

“வூட்டுக்குப் போ நைனா. இங்க நின்னு பேசிக்கினு இருக்கறத உங்கப்பா பாத்தா, இன்னொரு கை பாக்கி கீது.”